குழாயை வெட்டும் முன் கம்ப்யூட்டரைக் கேளுங்கள்

வீட்டுக்கு கம்ப்யூட்டர் வாங்கி ஒரு மாதம் ஆகிவிட்டது. கேம்ஸ் ஆடியாயிற்று. பாட்டு கேட்டாயிற்று. ரயில் டிக்கெட் புக் செய்தாயிற்று. பிள்ளைகளின் ப்ராஜெக்ட்டுக்கு பிரிண்ட் அவுட் எடுத்தாயிற்று. அதற்குப் பிறகு வீட்டில் யாராவது ஒருவர், "இவ்வளவு பணம் போட்டது இதற்குத்தானா?" என்று கேட்பார். எங்கள் வீட்டில் அப்படிக் கேட்டவன் நான்தான்.

எனக்கு பதில் சொன்னது ஒரு இரும்புக் குழாய். அந்தக் கதையைச் சொன்னால், புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு அது என்னென்ன செய்யும் என்பது விளங்கும். எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதும் விளங்கும்.

நான் செய்த தப்பு

எண்ணூரில் எனக்கு ஒரு சிறிய பட்டறை. வேக்குவம் பம்ப் ரிப்பேர் செய்வது தொழில். எங்கள் ஊருக்கு வேக்குவம் புதிதல்ல. 1970-இல் ஓடத் தொடங்கி 2017-இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையத்தை எல்லோருக்கும் தெரியும். அதுபோன்ற நிலையங்களில் டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் நீராவி கண்டென்சரில் குளிர்ந்து தண்ணீராகும். அந்தக் கண்டென்சருக்குள் இருப்பது வேக்குவம்தான். வெளிக்காற்றின் அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும். இந்த மாதிரி பம்ப்களைக் கழற்றி, சுத்தம் செய்து, ஆயில் மாற்றி, திரும்பப் பூட்டுவதில் எனக்குக் கை தேர்ச்சி உண்டு. ஆனால் ரிப்பேர் செய்யத் தெரிந்தவனுக்கு டிசைன் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டதுதான் தப்பு.

சில வருடங்களுக்கு முன் திருவொற்றியூர் பக்கம் ஒரு சிறு கம்பெனி முதலாளி என்னைக் கூப்பிட்டார். விளக்குகளுக்கான பிளாஸ்டிக் ரிப்ளெக்டர்கள் மேல் அலுமினியப் பூச்சு ஏற்றுவது அவர் தொழில். ஒரு பெரிய பெட்டிக்குள் காற்றை எடுத்துவிட்டு, அலுமினியத்தை ஆவியாக்கிப் பூசவேண்டும். வேக்குவம் போதாததால் பூச்சு பளபளப்பாக வராமல் கறுத்துப் போனது. பம்ப் சூடும் சத்தமுமாக இருக்கிறதென்று அதை அடுத்த அறையில் வைத்திருந்தார். சுவரில் துளை போட்டு, ஒரு இஞ்ச் குழாய் ஒரு மீட்டர் நீளத்துக்கு இழுத்திருந்தார்.

"அண்ணே, என்ன செய்யலாம்?" என்று கேட்டார்.

"பம்ப் சின்னது. பெரிசா ஒண்ணு போட்டுடுங்க" என்றேன்.

வினாடிக்கு 300 லிட்டர் இழுக்கும் பம்ப்பை எடுத்துவிட்டு, 700 லிட்டர் இழுக்கும் பம்ப் போட்டார். கடன் வாங்கித்தான் போட்டார். மீட்டர் முள் நகரவே இல்லை. லீக் தேடினோம். வாஷர் மாற்றினோம். ஆயில் மாற்றினோம். எட்டு மாதம் கழித்து அவர் அந்த மெஷினையே விற்றுவிட்டார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஏன் அப்படி ஆயிற்று என்று எனக்கும் தெரியவில்லை.

இந்தூரில் ஒரு வளையம்

போன வருடம் என் மகள் கல்லூரி செமினாருக்காக ஒரு தலைப்பு எடுத்தாள். மத்தியப் பிரதேச மாநிலம் இந்தூரில் ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. அங்கே இண்டஸ்-1, இண்டஸ்-2 என்று இரண்டு 'சிங்க்ரோட்ரான்' ஒளி இயந்திரங்கள் உள்ளன. இண்டஸ்-1 என்பது 1999-இல் இயங்கத் தொடங்கிய சிறிய வளையம். இண்டஸ்-2 பெரியது. அதன் சுற்றளவு 172 மீட்டருக்கும் சற்று அதிகம்.

உங்களில் பலர் பழைய குண்டு மானிட்டரைப் பார்த்திருப்பீர்கள். அதன் பிக்சர் டியூபுக்குள் எலக்ட்ரான்கள் ஏறத்தாழ 25,000 வோல்ட் வேகத்தில் பாய்ந்து திரையில் மோதும். அதாவது ஒரு குட்டி எலக்ட்ரான் முடுக்கி நம் வீட்டு மேஜை மேலேயே இருந்தது. இண்டஸ்-2 வளையத்தில் எலக்ட்ரானின் ஆற்றல் 250 கோடி எலக்ட்ரான் வோல்ட். மானிட்டரைப் போல ஒரு லட்சம் மடங்கு. கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில், வினாடிக்கு 17 லட்சம் முறை அந்த வளையத்தைச் சுற்றுகின்றன. 16 பெரிய காந்தங்கள் அவற்றை வளைக்கின்றன. வளையும் இடத்தில் எல்லாம் எலக்ட்ரான் ஒளியைக் கக்கும். அதில் எக்ஸ்-ரே கதிர்களும் உண்டு. அந்த ஒளியை எடுத்துத்தான் விஞ்ஞானிகள் புரதத்தின் அமைப்பைப் பார்க்கிறார்கள். ஒரு துளிச் சாம்பலிலோ சேற்றிலோ எந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிக்கவும் இந்த ஒளி உதவும். சாம்பலோடு வாழ்ந்த எண்ணூர்க்காரனுக்கு இதன் அருமை புரியும்.

ஆனால் எலக்ட்ரான் பத்து மணி நேரம் சுற்றவேண்டும் என்றால், அது பயணம் செய்யும் தூரம் சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைப் போல 70 மடங்குக்கு மேல். வழியில் காற்று மூலக்கூறு குறுக்கே வந்தால் மோதிச் சிதறிவிடும். அதனால் குழாய்க்குள் அழுத்தத்தை வெளிக்காற்றில் ஏறத்தாழ லட்சம் கோடியில் ஒரு பங்காகக் குறைக்கவேண்டும். நாங்கள் பார்த்த கண்டென்சர் வேக்குவம் இதன் பக்கத்தில் நிற்கவே முடியாது.

இதில் இன்னொரு சிக்கல். வளையத்தில் 100 மில்லி ஆம்பியர் எலக்ட்ரான் ஓட்டம் இருந்தால் வெளியே வரும் ஒளியின் திறன் ஏறத்தாழ 60 கிலோவாட். முப்பது வாட்டர் ஹீட்டர்களை ஒன்றாகப் போட்டதற்குச் சமம். இந்த ஒளி பெரும்பாலும் குழாய்ச் சுவரில்தான் விழுகிறது. விழுந்த இடத்தில் உலோகத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த வாயு மூலக்கூறுகளைப் பிய்த்து வெளியே தள்ளுகிறது. எந்த ஒளிக்காக வளையத்தைக் கட்டினார்களோ அதே ஒளி அதன் வேக்குவத்தைக் கெடுக்கிறது. ஆகவே ஒளி எங்கே விழும், எவ்வளவு வாயு கிளம்பும், பம்ப்களை எங்கே வைக்கவேண்டும் என்பதையெல்லாம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளவேண்டும். கட்டிமுடித்த பிறகு குழாயை வெட்டி மாற்றுவது நடக்கிற காரியம் அல்ல. இங்கேதான் கம்ப்யூட்டர் வருகிறது.

தாயக்கட்டை போடும் சாப்ட்வேர்

இந்த வேலைக்கு உலகம் முழுவதும் பயன்படும் ஒரு சாப்ட்வேரின் பெயர் 'மோல்ஃப்ளோ'. ராபர்ட்டோ கெர்செவன் என்ற இத்தாலிய நிபுணர் ஏறக்குறைய 1990 முதல் வளர்த்து வந்தது. இப்போது ஐரோப்பிய அணு ஆராய்ச்சி அமைப்பான 'செர்ன்' அதைப் பராமரிக்கிறது. அதற்குத் துணையாக 'சின்ராட்' என்று இன்னொரு புரோகிராம். ஒளி எந்தச் சுவரில் எவ்வளவு விழுகிறது என்று சின்ராட் சொல்லும். அதனால் கிளம்பும் வாயு எங்கே போகும் என்று மோல்ஃப்ளோ சொல்லும். இரண்டும் இலவசம். விண்டோஸ் உள்ள வீட்டு கம்ப்யூட்டரிலேயே ஓடும்.

"செர்ன் சாப்ட்வேர் நம்ம வீட்டு மெஷினில் ஓடுமா?" என்று நானும் சிரித்தேன். ஏன் ஓடுகிறது என்று மகள் விளக்கியபோதுதான் சிரிப்பு நின்றது.

அத்தனை குறைந்த அழுத்தத்தில் ஒரு மூலக்கூறு இன்னொரு மூலக்கூறைச் சந்திக்க வேண்டுமானால் சராசரியாக 50 கிலோமீட்டர் போகவேண்டும். எண்ணூர் ஸ்டேஷனில் கிளம்பி, பீச் வந்து, தாம்பரமும் தாண்டிய பிறகுதான் இன்னொருவனைப் பார்க்கமுடியும். குழாயோ சில சென்டிமீட்டர் அகலம். அதனால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதுவதே இல்லை. சுவரில் மட்டுமே மோதும். ஒவ்வொன்றும் தன் வழியில் தனியாகப் போகும். ஆகவே கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரு மூலக்கூறை எடுத்து, அதன் கதை முடியும் வரை பார்த்துவிட்டு, அடுத்ததை எடுத்தால் போதும்.

மூலக்கூறு சுவரில் பட்டால் எந்தப் பக்கம் திரும்பும்? கேரம் காய் போல பட்ட கோணத்திலேயே திரும்பாது. எந்தப் பக்கமும் போகலாம். ஆனால் சில பக்கங்களுக்கு வாய்ப்பு அதிகம், சிலவற்றுக்குக் குறைவு. கம்ப்யூட்டர் இங்கே ஒரு தாயக்கட்டை உருட்டுகிறது. ரேண்டம் நம்பர் என்கிறார்களே, அதுதான். விழுந்த எண்ணைப் பார்த்து மூலக்கூறை அந்தத் திசையில் அனுப்புகிறது. அடுத்த சுவர், அடுத்த உருட்டல். கடைசியில் மூலக்கூறு பம்ப்பில் போய்ச் சேர்ந்தால் ஒரு கணக்கு. வந்த வழியே திரும்பிவிட்டால் இன்னொரு கணக்கு. இப்படி லட்சக்கணக்கான மூலக்கூறுகள். இந்த முறைக்கு, சூதாட்ட விடுதிக்குப் பேர்போன ஊரின் பெயரால் 'மான்டி கார்லோ' என்று பெயர். 1940-களில் அமெரிக்காவில் அணுகுண்டு ஆராய்ச்சியில் இருந்தவர்கள் உருவாக்கியது. குழாய்க்குள் போகும் வாயுவுக்கு இதைப் பயன்படுத்தி டேவிஸ் என்பவர் 1960-லேயே ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டுவிட்டார்.

முடிவுகள் ஆச்சரியமானவை. நீளமும் விட்டமும் சமமாக உள்ள ஒரு குட்டைக் குழாயில் 100 மூலக்கூறு நுழைந்தால் 51 தான் அந்தப் பக்கம் போகிறது. மீதி வந்த வழியே திரும்பிவிடுகிறது. நீளம் விட்டத்தைப் போல 10 மடங்கு என்றால் 100-க்கு 11 மட்டுமே தேறும்.

இதைக் கேட்டதும் எனக்கு அந்த ஒரு இஞ்ச் குழாய் ஞாபகம் வந்தது.

பம்ப் இழுப்பதில்லை

"இரண்டரை சென்டிமீட்டர் விட்டம், ஒரு மீட்டர் நீளம். இதைப் போட்டுப் பார் பாப்பா" என்றேன். எங்களுடையது 8 ஜிபி ராம் உள்ள சாதாரண மெஷின்தான். குழாய் திரையில் வந்தது. பச்சைக் கோடுகளாக மூலக்கூறுகள் ஓடின. கொஞ்ச நேரத்தில் எண் நிலைத்தது. 100-க்கு 3.

வினாடிக்கு 2 லிட்டர்கூட அந்தக் குழாய் வழிவிடாது என்று கணக்கு சொன்னது.

"அப்பா, பம்ப் மேல தப்பே இல்லப்பா. 300 லிட்டர் போட்டாலும் 700 போட்டாலும் குழாய் விடுறது 2 லிட்டர்தான்."

பிறகு விட்டத்தை மட்டும் 5 சென்டிமீட்டராக மாற்றினாள். வழிவிடும் அளவு ஏறத்தாழ 14 லிட்டர் ஆயிற்று. ஏழு மடங்குக்கு மேல். பழைய பம்ப்பே போதும். வேண்டியது இரண்டு இஞ்ச் குழாய் ஒரு மீட்டர், சுவரில் கொஞ்சம் பெரிய துளை.

தண்ணீர் மோட்டார் பழக்கத்தில் நான் யோசித்திருக்கிறேன். பெரிய மோட்டார் போட்டால் வேகமாக இழுக்கும் என்பது அங்கே சரி. இந்த வேக்குவத்தில் பம்ப் எதையும் இழுப்பதில்லை. மூலக்கூறு தானாகத் தட்டுத்தடுமாறி வாசலுக்கு வந்தால் பிடித்துக்கொள்கிறது. அவ்வளவுதான். வாசலுக்குப் போகும் சந்து குறுகல் என்றால், உள்ளே எவ்வளவு பெரிய ஆள் உட்கார்ந்திருந்தும் பயனில்லை. இதை அன்றைக்கே தெரிந்திருந்தால் ஒரு மனிதர் கடனாளி ஆகியிருக்கமாட்டார். அந்தச் சாப்ட்வேர் அப்போதும் இலவசமாகத்தான் கிடைத்தது. கேட்கத் தெரியவில்லை.

இதே குறுகல் சந்துப் பிரச்னையைத்தான் பெரிய விஞ்ஞானிகளும் சந்திக்கிறார்கள். ஸ்வீடனில் லுண்ட் நகரில் 2016-இல் திறக்கப்பட்ட 'மேக்ஸ் ஃபோர்' ஒளி இயந்திரத்தின் பெரிய வளையம் 528 மீட்டர் சுற்றளவு. காந்தங்களை நெருக்கமாக வைக்கவேண்டியிருப்பதால் குழாயின் உள்விட்டம் 22 மில்லிமீட்டர்தான். எங்கள் ஒரு இஞ்ச் குழாயைவிடச் சிறியது. அரை கிலோமீட்டருக்கு மேல்! அங்கங்கே பெரிய பம்ப் வைத்து என்ன பயன்? அதனால் குழாயின் உட்சுவரிலேயே டைட்டானியம், சிர்க்கோனியம், வனேடியம் மூன்றும் கலந்த மெல்லிய பூச்சு கொடுத்தார்கள். செர்ன் கண்டுபிடித்த முறை அது. சூடாக்கினால் அந்தப் பூச்சு விழித்துக்கொண்டு, தன் மேல் படும் வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுவரே பம்ப் ஆகிவிட்டது. பழைய பிக்சர் டியூபின் கழுத்துப் பக்கம் வெள்ளி போல ஒரு பூச்சு தெரியுமே, அது மிச்ச வாயுவைப் பிடிக்க வைத்த பேரியம். அதன் பேரப்பிள்ளை இது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கலர் படத்தை நம்பலாமா?

இதைச் சொன்னபோது என் நண்பர் ஒருவர், "கம்ப்யூட்டர்ல எதை வேணாலும் படமா காட்டலாம்பா" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சிவப்பும் நீலமுமாக அழகான படம் வந்துவிட்டால் அது உண்மை என்று நாம் நம்பிவிடுகிறோம். கம்ப்யூட்டர் நாம் கொடுத்ததைத்தான் கணக்குப் போடும். உலோகச் சுவரிலிருந்து எவ்வளவு வாயு கசியும் என்று நாம் சொல்லவேண்டும். அதே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நன்றாகச் சூடாக்கி ஈரம் போக்கியதற்கும் போக்காததற்கும் நூறு மடங்கு கூட வித்தியாசம் வரும். வாஷரில் ஒரு தலைமுடி ஒட்டியிருப்பதோ, யாரோ கையுறை போடாமல் தொட்டதோ அதற்குத் தெரியாது. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதாத மிகக் குறைந்த அழுத்தத்துக்கு மட்டுமே இந்தப் புரோகிராம். அனல்மின் நிலைய கண்டென்சருக்கு இதைப் போட்டால் வருவது தப்பான பதில்.

அதனால் ஒரு பழக்கம் வேண்டும். சாப்ட்வேர் சொன்னதைக் கையாலும் போட்டுப் பார்க்கவேண்டும். இதற்கு உங்களிடம் உள்ள எக்ஸெல் அல்லது இலவசமான லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். முதல் கட்டத்தில் குழாயின் விட்டத்தை சென்டிமீட்டரில் கொடுங்கள். இரண்டாவது கட்டத்தில் நீளம். மூன்றாவதில், விட்டத்தை மூன்று முறை தன்னாலேயே பெருக்கி, அதை 12.1-ஆல் பெருக்கி, நீளத்தால் வகுக்கச் சொல்லி பார்முலா எழுதுங்கள். நீளமான குழாய் ஒன்று வினாடிக்கு எத்தனை லிட்டர் காற்றுக்கு வழிவிடும் என்று வந்துவிடும். 2.5-ம் 100-ம் கொடுத்தால் 1.9 வரும். விட்டத்தை 5 ஆக்கினால் 15. மோல்ஃப்ளோ சொன்ன 1.8, 14 என்ற எண்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது பாருங்கள். சூத்திரம் தோராயம், குழாய் வாயில் ஏற்படும் தடையைக் கணக்கில் எடுக்காது. அதனால் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறது. இப்படி இரண்டு வழியிலும் பதில் நெருங்கி வந்தால்தான் எனக்கு நம்பிக்கை.

நேர்க் குழாய்க்குச் சூத்திரம் போதும். வளைவு, கிளை, சுவரெல்லாம் பம்ப், ஒளி விழும் இடத்தில் மட்டும் வாயு என்று வந்துவிட்டால் சூத்திரம் கைவிட்டுவிடும். இந்தூர் வளையமும் லுண்ட் வளையமும் அப்படிப்பட்டவை. அங்கே கம்ப்யூட்டரை விட்டால் வழியில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

மோல்ஃப்ளோ ஜிப் பைலாகக் கிடைக்கிறது. செர்ன் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள். வேறு இடத்தில் எடுத்தால் வைரஸும் சேர்ந்து வரலாம். ஒரு போல்டரில் விரித்து வைத்து இயக்குங்கள். பழகுவதற்கென்றே உள்ளே தயாராக ஒரு குழாய் மாடல் இருக்கிறது. முதலில் அதை ஓட்டுங்கள். உடனே வரும் எண்ணை நம்பவேண்டாம். கொஞ்ச நேரம் ஓடவிட்டால் ஆட்டம் குறையும். நூறு மடங்கு அதிக மூலக்கூறுகளை விட்டால் தவறு பத்தில் ஒரு பங்காகும். அதுதான் தாயக்கட்டையின் விதி.

எல்லோரும் வேக்குவம் டிசைன் செய்யவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. உங்கள் தொழிலுக்கும் இதுபோல ஒரு குழாய் இருக்கும். வெல்டிங் கடைக்காரருக்கு அது ஒரு இரும்புச் சட்டத்தின் பலம். மீன்பிடிப் படகு கட்டுபவருக்கு அது படகின் சாய்வு. எங்கே காசு போடுவது என்று முடிவு எடுப்பதற்கு முன் ஒருமுறை கணக்காகப் போட்டுப் பார்க்கமுடியுமா என்று கேளுங்கள். கம்ப்யூட்டர் கற்றுத்தரும் சென்டர்கள் டைப் அடிக்கவும் படம் வரையவும் சொல்லித் தருகின்றன. அது வேண்டியதுதான். ஆனால் 'இப்படிச் செய்தால் என்ன ஆகும்?' என்று கம்ப்யூட்டரைக் கேட்கும் பழக்கத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. என் அபிப்பிராயத்தில் முதல் பாடமே அதுவாக இருக்கவேண்டும்.

அந்த முதலாளியைப் போன மாதம் பார்த்தேன். இப்போது வேறு தொழில். மகள் எடுத்துத் தந்த பிரிண்ட் அவுட்டைக் காட்டி, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் ரொம்ப நேரம் அந்த 100-க்கு 3 என்ற எண்ணைப் பார்த்தார். பிறகு, "குழாய்தானாண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது பட்டறைக்கு யாராவது பெரிய பம்ப் கேட்டு வந்தால், முதலில் குழாயின் அளவைக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்துவிட்டு, மறுநாள்தான் பதில் சொல்கிறேன். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் எதற்கு என்று இப்போது யாரும் கேட்பதில்லை.